கடைசி இரண்டு குமிழ்கள்

அத்தியாயம் 9

எமில் டோபெக்குக்குக் காது கேட்காது என்பது அமெரிக்காவின் ஈரி நகரத்தில் ஒருவருக்கும் தெரியாது. அப்படித்தான் எமில் நினைத்துக்கொண்டிருந்தார். ஊரார் வீட்டு ரகசியத்தையெல்லாம் நோண்டி எடுக்கிற துப்பறிவாளருக்குத் தன் ரகசியம் எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று தெரியவில்லை.

முழுச் செவிடு என்று சொல்லிவிட முடியாது. ஆண்களின் குரல், லாரி, இடி எல்லாம் கேட்கும். பெண்களின் குரலைப் பக்கத்தில் இருந்தால் பிடித்துக்கொள்வார். கொதிக்கிற கெட்டில், குருவி, வாசல் மணி, இப்படி மெல்லியதாகக் கீச்சிடுகிற எதுவும் கேட்காது. இருபத்திரண்டு வருடம் சுத்தியல் ஆலையில், வீட்டு உயரத்துக்கு நிற்கிற நீராவிச் சுத்தியலுக்கு அடியில் சிவந்த இரும்பைத் திருப்பிப் போட்டவர். அங்கே வேலை பார்த்த எல்லாருக்கும் அதே கதிதான். மற்றவர்கள் அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். முதுகு உடைந்து வெளியே வந்து துப்பறிய லைசென்ஸ் வாங்கிய எமில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. காது கேட்காத துப்பறிவாளரிடம் யார் வருவார்கள்?

1985 நவம்பர், ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே கால். காரை ஓட்டியவள் அவருடைய உதவியாளர் கானி டிநார்டோ. நாற்பத்தொரு வயது. பதினெட்டு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து, ஊரார் பேச்சையெல்லாம் கேட்டு அலுத்து இங்கே வந்தவள். அலுத்தது கேட்பதுதான், பேசுவது இல்லை. ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கையில் பெப்பரோனி அடைத்த சூடான ரொட்டி உருண்டை.

அவர்கள் போய்க்கொண்டிருந்தது தொழிற்சங்கக் கூடத்துக்கு. ஆலையில் ஆறு வாரமாக வேலைநிறுத்தம். காது போனவர்களுக்கெல்லாம், ஓய்வு பெற்றவர்கள் உட்பட, கம்பெனி இழப்பீடு தரவேண்டும் என்பது சங்கத்தின் கோரிக்கை. வேறு வழியே இல்லையென்றால் கடைசியில் அதை விட்டுக்கொடுப்பது என்று பேச்சுவார்த்தைக் குழு ரகசியமாக முடிவு செய்திருந்தது. அந்த ரகசியம் கம்பெனிக்குப் போய்விட்டது. கம்பெனி கால்மேல் கால் போட்டுக்கொண்டு காத்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை நார்ப் பிலார்ஸ்கி ஒரு கேசட்டோடு எமிலைத் தேடி வந்தார். நார்ப் சங்கத்தின் செயலாளர். எமிலோடு ஒரே சுத்தியலில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர். முதுகு உடைந்த அன்று எமிலைத் தூக்கி காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவரும் அவர்தான். கேசட் பெயரில்லாமல் தபாலில் வந்ததாகச் சொன்னார். பேச்சுவார்த்தைக் குழுவின் தலைவர் ரூடி மாலெக், கம்பெனி ஆளிடம் போனில் பேசுகிற பதிவு. எமில் கேட்டார். ரூடியின் குரல்தான். "போனில் பேசுகிறவர் ரூடி மாலெக்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு மணிக்குக் கூட்டம். எமிலின் கடிதத்தை வாசிப்பார்கள், கேசட்டைப் போடுவார்கள், ரூடியை சங்கத்திலிருந்து தூக்கி எறிவார்கள். அப்படி எறியப்பட்டவனுக்கு அந்த ஊரில் முடிவெட்டக்கூட ஆள் கிடைக்காது.

கானி கேசட்டைக் கார் ஸ்டீரியோவில் போட்டாள். அவள் இன்னும் கேட்டிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு.

"மான் வேட்டை சீசன் வந்துட்டா பசங்க வேலைநிறுத்தத்துல நிக்க மாட்டாங்க. கடைசியில காது விஷயத்தை விட்டுக்கொடுத்துடுவோம். அதுக்கு மேல எங்களால இறங்க முடியாது."

கானி மெல்லுவதை நிறுத்தினாள்.

"பாஸ், இது போன்னு யார் சொன்னது?"

"கேட்டா தெரியலை? டப்பாக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கே."

"டப்பாதான். மூடி போட மறந்துட்டாங்க."

போன் கம்பி குரலின் அடியையும் நறுக்கிவிடும், நுனியையும் நறுக்கிவிடும் என்றாள் கானி. இந்தப் பதிவில் அடி நறுக்கப்பட்டிருக்கிறது, நுனி அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு 'ஸ்'ஸும் சூடான சட்டியில் வெண்ணெய் விழுந்த மாதிரி பொரிகிறது. பதினெட்டு வருடத்தில் இப்படி ஒரு போனை அவள் கேட்டதே கிடையாதாம்.

"அதோட நடுவுல ஒரு வாட்ச் வேற பாடுது. உங்களுக்குக் கேட்டுதா?"

"கேட்டுது. கவனிக்கலை."

அவள் கேசட்டைப் பின்னால் ஓட்டினாள். சிவப்பு விளக்கில் கார் நின்றது.

"இப்போ கேட்குதா?"

"ம். நல்லாக் கேட்குது."

"நான் இன்னும் பட்டனையே அழுத்தலை, பாஸ்."

பச்சை விழுந்தது. பின்னாலிருந்தவன் ஹார்ன் அடித்தான். அது எமிலுக்குக் கேட்டது.

கானி காரை நகர்த்தியபடியே, மூன்று வருடமாகத் தனக்குத் தெரியும் என்றாள். "ஆபீஸ் போன் அடிக்கிறப்போ எல்லாம் நான் இருமறேன், நீங்க போனை எடுக்கறீங்க. எனக்கென்ன காசநோயா?"

எமில் காரை ரூடி வீட்டுக்குத் திருப்பச் சொன்னார்.

ரூடி மாலெக் வாசலில் நின்று காரேஜ் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி யாரோ முட்டைகளை வீசிவிட்டுப் போயிருந்தார்கள். குளிரில் அது மெழுகாக உறைந்துகிடந்தது. மனைவி லொரெய்ன் வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். எமிலைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"நீதானே கையெழுத்துப் போட்டது?" என்றார் ரூடி, திரும்பாமலே.

ஆமாம் என்றார் எமில். கேசட்டை ரூடிக்குப் போட்டுக் காட்டக் கூடாது என்று குழு முடிவு செய்திருந்தது. எமில் அதை மதிக்கவில்லை. அதில் இருந்த வார்த்தைகளை வரிசையாகச் சொன்னார். மான் வேட்டை சீசன், காது விஷயம், அதற்கு மேல் இறங்க முடியாது.

ரூடியின் கையில் பிரஷ் நின்றது. அவை தன் வார்த்தைகள்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் போனில் சொன்னதில்லை. போன வாரம் ஒரு வீட்டில் உட்கார்ந்து, ஒரே ஒரு ஆளிடம் சொன்னது. யார் என்று எமில் மூன்று தடவை கேட்டார்.

"வேண்டாம். அவன் அப்படிச் செய்யற ஆள் இல்லை. அவன் பேரை நான் சொன்னா, நீ என் பேரைச் சொன்ன மாதிரி ஆயிடும்."

இந்த அடியை எமில் வாங்கிக்கொண்டார். கானிதான் இடையில் புகுந்து, உதட்டைக் குவித்து, கேசட்டில் கேட்ட வாட்ச் பாட்டை விசிலடித்துக் காட்டினாள். மூன்று சுரம், இரண்டு தடவை.

லொரெய்னுக்குச் சிரிப்பு வந்தது. "அது நார்ப் வாட்ச் ஆச்சே. அவர் பொண்ணு பொறந்த நாளைக்கு வாங்கிக் கொடுத்தது. மணிக்கு மணி பாடும். சர்ச்ல பாதர் பிரசங்கம் பண்றப்போ பாடும், பொம்பளைங்க நாங்க எல்லாம் கர்ச்சீப்பைக் கடிச்சுக்குவோம். ஒரு ஆம்பளை திரும்பிப் பார்க்கணுமே."

சொல்லி முடித்த பிறகுதான் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

நார்ப்பின் அந்தப் பெண்ணுக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத் தகப்பனாக நின்றவர் எமில். அந்த வாட்ச் பாடும் என்பதே அவருக்கு இப்போதுதான் தெரியும். அதைக் கட்டியிருக்கிற நார்ப்புக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

காரில் ஏறியதும் எமில் நார்ப்புக்காக வாதாட ஆரம்பித்தார். வேறு யாராவது அந்த வீட்டில் ரகசியமாகப் பதிவு செய்திருக்கலாம். கம்பெனி ஆள் வைத்திருக்கலாம். கானி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"புதன்கிழமை நார்ப் ஆபீசுக்கு போன் பண்ணினார், பாஸ். உங்களைக் கேட்கலை. எனக்கு இந்த வாரம் எப்போ லீவுன்னு கேட்டார். சரி, சினிமாவுக்குக் கூப்பிடப்போறார் போலன்னு நினைச்சேன். கல்யாணமானவர் ஆச்சேன்னு மறுக்கறதுக்கு வசனம்கூடத் தயார் பண்ணி வெச்சேன். வெள்ளிக்கிழமைன்னு சொன்னதும் போனை வெச்சுட்டார்."

காது கேட்கிற கானி இல்லாத நாளைப் பார்த்து நார்ப் வந்திருக்கிறார். அப்படியானால் எமிலின் காது கேட்காது என்பது நார்ப்புக்குத் தெரியும். பன்னிரண்டரைக்கு நார்ப் வீட்டு வாசலில் இறங்கினார்கள்.

நார்ப் டை கட்டிக்கொண்டிருந்தார். மனைவி ஐரீன் காபி போட முன்னாடியே கூடத்துக்குப் போய்விட்டதாகச் சொல்லி, எமிலின் தோளில் கை போட்டு உள்ளே அழைத்தார். கூட்டத்தில் எழுந்து பேசுவதற்கு முன்னால் கேசட்டை நல்ல செட்டில் ஒரு தடவை கேட்கவேண்டும் என்றார் எமில். நார்ப் அரை நொடி தயங்கிவிட்டு, இவர்களைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கீழே மரப்பலகைச் சுவர், சின்ன பார், ஒரு மான் தலை. நடுநாயகமாக நார்ப்பின் ஸ்டீரியோ. எல்லாவற்றுக்கும் மேல் அவருடைய செல்லப்பிள்ளை, வெள்ளி நிற ஈக்வலைசர். வரிசையாகப் பத்துக் குமிழ்கள். இடது ஓரத்தில் கனத்த ஒலிக்கு ஒன்று, அப்படியே படிப்படியாக மெலிந்து வலது ஓரத்தில் கீச்சொலிக்கு ஒன்று. மேலே தள்ளினால் அந்த ஒலி ஏறும், கீழே இழுத்தால் அடங்கும். ஒவ்வொரு குமிழுக்கு மேலும் சின்னச் சின்ன விளக்குகள் கம்பம் மாதிரி அடுக்கியிருக்கும். ஒலிக்குத் தகுந்தபடி அவை ஏறி இறங்கும்.

எமிலின் கண் குமிழ்களில் போய் நின்றது.

இடது பக்கத்துக் குமிழ்கள் எல்லாம் தரையில் கிடந்தன. நடுவில் மூன்று உச்சியில். அடுத்த இரண்டு மறுபடி தரையில். யாரும் பாட்டுக் கேட்க அப்படி வைக்கமாட்டார்கள். தாளக்காரனையும் பாஸ் கிட்டார்க்காரனையும் வெளியே துரத்திவிட்டு, பாடகனை டப்பாவுக்குள் அடைத்து வைக்கிற ஏற்பாடு அது. குரலைப் போன் குரலாக்குகிற ஏற்பாடு.

வலது ஓரத்துக் கடைசி இரண்டு குமிழ்கள் மட்டும் உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தன. அது எமிலுக்குப் பழகிய இடம். இந்த ஊரில் சுத்தியல்காரன் எவன் வீட்டுக்குப் போனாலும் அந்த இரண்டும் உச்சியில்தான் இருக்கும். கேட்காத ஒலியைக் கொஞ்சமாவது கேட்கலாமே என்ற நப்பாசை. அவர் வீட்டிலும் அங்கேதான் இருக்கின்றன.

எமில் பார்ப்பதை நார்ப் பார்த்தார். அவர் கை குமிழ்களை நேராக்க நீண்டது. எமில் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதே. கானி, போடு."

கேசட் சுழன்றது. ரூடி பேசினார். நடுக் கம்பங்களில் விளக்குகள் ஏறி இறங்கின. 'விட்டுக்கொடுத்துடுவோம்' என்ற இடத்துக்குப் பிறகு ரூடி ஒரு மூச்சு நிறுத்தினார். அந்த மௌனத்தில் வலது ஓரத்துக் கம்பங்கள் மட்டும் உச்சிவரை துள்ளின. மூன்று துள்ளல், மறுபடி மூன்று. எமிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நார்ப்புக்கும் கேட்கவில்லை. இரண்டு பேரும் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உன் வாட்ச், நார்ப்," என்றார் எமில். "அது பாடும்னு உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. போன் குரல் வரணும்னா இந்தக் கடைசி ரெண்டையும் நீ கீழே இழுத்திருக்கணும். இழுத்துப் பார்த்திருப்பே. உன் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரிஞ்சிருக்காது. போட்டது போட்டபடி விட்டுட்டே."

நார்ப் சட்டைக் கையை இழுத்து வாட்ச்சை மறைத்தார். அப்புறம் மறைத்து என்ன பயன் என்று தோன்றியிருக்கவேண்டும், பார் ஸ்டூலில் உட்கார்ந்தார். மறுக்கவில்லை. ரகசியத்தைக் கம்பெனிக்குச் சொன்னது தான்தான் என்றார். சங்கத்தில் துரோகியைத் தேட ஆரம்பித்து, யாராவது மாட்டியாகவேண்டும் என்று ஆனபோது ரூடியை இங்கே கூப்பிட்டுப் பேசவைத்துப் பதிந்திருக்கிறார். கம்பெனி கொடுப்பதாகச் சொன்னது இரும்பைச் சோதிக்கிற பரிசோதனை அறையில் ஒரு நாற்காலி வேலை. கண்ணாடிச் சுவர் போட்ட அறை, சுத்தியல் சத்தமே வராது.

"முப்பத்தொரு வருஷம் எமில். ஒரு நாலு வருஷம் அமைதியா உட்கார்ந்துட்டுப் போகணும்னு ஆசைப்பட்டேன்."

"ஆசைப்படு. ரூடியை ஏன்டா பலி கொடுத்தே? நம்ம காதுக்கும் சேர்த்துத்தானே அவன் சண்டை போடறான்?"

நார்ப் கழுத்து டையைத் தளர்த்தினார்.

"என்கிட்ட ஏன்டா வந்தே?" என்று கேட்டார் எமில். அவருக்கு அது ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது. "ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"கேட்காதவன் நிறைய பேர் இருக்கான். கேட்காம இருந்துக்கிட்டே கேட்குதுன்னு சொல்றவன் நீ ஒருத்தன்தான்."

பதினான்கு வருடச் சிநேகிதம். அந்த நீராவிக்கும் நெருப்புக்கும் நடுவில் ஒருவர் உயிரை இன்னொருவர் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்கள். எமில் சொல்லாமல் மறைத்த ஒரே குறையை நார்ப் கவனித்து, பேசாமல் பத்திரப்படுத்தி, நேரம் வந்தபோது எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார். எமிலுக்குக் கோபம் வரவில்லை. வாய்விட்டு அழவேண்டும் போலிருந்தது.

நார்ப் எழுந்து டையை நேராக்கினார். குரலில் இப்போது வேறு பதம். "கூடத்துல போய் என்ன சொல்லுவே? காது கேட்காதுன்னா? சொல்லு. நாளைக்கே உன் லைசென்ஸ் போகும். சொல்லலைன்னா அந்தக் கடிதம் அப்படியே நிக்கும். யோசிச்சுக்க."

கானி கேசட்டை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "குமிழையும் கழட்டி எடுத்துக்கலாமா, பாஸ்? இவருக்கு இனிமே தேவைப்படாது."

எமில் படியேறினார்.

கூடத்தில் இருநூறு பேர். மேஜைகளில் ரொட்டி உருண்டைகள், காபி. பின்னால் சமையலறை ஜன்னலில் ஏப்ரன் கட்டிய பெண்கள். ரூடியும் லொரெய்னும் தனியாக ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சுற்றி நாற்காலிகள் காலி. நார்ப் மேடையில் தன் இடத்தில் உட்கார்ந்து எமிலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிதம் வாசிக்கப்பட்டது. எமில் எழுந்தார்.

"அந்தக் கடிதம் பொய். எனக்குக் காது கேட்காது. அஞ்சு வருஷமாச்சு."

கூடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இத்தனை நாள் எங்களை ஏமாற்றினாயா என்றான் ஒருவன். ரூடி எவ்வளவு கொடுத்தான் என்றான் இன்னொருவன். எமில் கேசட்டைப் போடச் சொன்னார். நடுவில் ஒரு சின்னப் பாட்டு வரும், கேட்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்.

கேசட் ஓடியது. இருநூறு ஆண்களில் ஒரு கைகூட எழவில்லை. போதும் இந்தக் கூத்து என்று யாரோ கத்தினார்கள். சங்கத் தலைவர் எமிலை உட்காரச் சொன்னார்.

"திரும்பிப் பாருங்க," என்றாள் கானி.

சமையலறை ஜன்னலில் ஏழு கைகள் உயர்ந்திருந்தன. மாவு ஒட்டிய கைகள், ஒன்றில் கரண்டி. என்ன கேட்டது என்று தலைவர் கேட்டார். அந்த ஏழு பேரும் ஐரீன் பிலார்ஸ்கியைப் பார்த்தார்கள். அவள் மட்டும் கையைத் தூக்கவில்லை. இரண்டு கையாலும் காபி ஜாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் அதைக் கீழே வைத்தாள்.

"அது என் புருஷன் வாட்ச். ரூடி போன்ல பேசலை. எங்க வீட்டு சோபாவுல உட்கார்ந்து நார்ப்கிட்ட பேசினார். அப்போ சாசேஜ் கொண்டுபோய் வெச்சது நான்தான்."

"ஐரீன்," என்றார் நார்ப்.

"எல்லார் வீட்டுலயும் உங்க காதுக்குப் பதிலா நாங்கதான் கேட்டுக்கிட்டிருக்கோம், நார்ப். அதை மறந்துட்டே."

எமிலுக்கு அவள் குரல் பாதிதான் வந்தது. மீதியைக் கானி குனிந்து சொன்னாள். குமிழ்களைப் பற்றியும், கம்பெனி காட்டிய நாற்காலியைப் பற்றியும் எமில் கூட்டத்துக்குச் சொன்னார். நார்ப் எழுந்து மேடையிலிருந்து இறங்கினார். வழி விட்டவர்கள் யாரும் அவரைத் தொடவில்லை. காலியாக இருந்த நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆட்கள் ரூடியைச் சுற்றி உட்கார ஆரம்பித்தார்கள். ரூடிக்கு முதுகில் தட்டு விழுந்தபடி இருந்தது.

கூட்டம் கலைந்தபோது எமில் வாசலில் நின்றார். ரூடி வந்ததும் கையை நீட்டினார். ரூடி அந்தக் கையைப் பார்த்தார், எடுத்துக்கொள்ளவில்லை.

"நார்ப் ஒரு நாற்காலிக்காக என்னை வித்தான். அது எனக்குப் புரியுது," என்றார். "நீ எதுக்குடா வித்தே? காது கேட்குதுன்னு காட்டிக்கறதுக்கா?"

ரூடியின் குரல் தடித்த குரல். ஒரு எழுத்து விடாமல் எமிலுக்குக் கேட்டது.